அந்தரங்கத் தகவல் அதிகாரி மெனா பெத்தன்கூர்

கலிபோர்னியாவில் போர்த்துகீசியர்கள் குடியேறிய துலாரே ஊரில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும்: பாதிரியார், மருந்துக் கடைக்காரர், டபுள் ஃபிக் சூப்பர் மார்க்கெட்டின் நாலாம் எண் கல்லாவில் நிற்கும் மெனா பெத்தன்கூர். பாதிரியாருக்கு ஜனங்கள் சொல்ல விரும்பியது மட்டும் தெரியும். மருந்துக் கடைக்காரருக்கு வியாதி மட்டும் தெரியும். மெனாவுக்கு எல்லாம் தெரியும். வாயால் சொல்லாததையெல்லாம் மனிதர்கள் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு வந்து அவள் முன்னால்தான் அடுக்கினார்கள்.

முப்பத்தொரு வருடம் அப்படி அடுக்கினார்கள். நோன்புக் காலம் முழுக்க மதுவைத் தொடமாட்டேன் என்று கோயிலில் எல்லார் முன்னிலையிலும் சொன்ன பால்பண்ணைக்காரர் ஒருவர், புதன்கிழமைதோறும் முட்டைக்கோசுக்கு அடியில் ஒரு பாட்டிலை ஒளித்துக் கொண்டுவருவார். மெனா முட்டைக்கோசைப் பற்றி மட்டும் விசாரிப்பாள். குடும்பத்தோடு வந்துகொண்டிருந்தவன் ஒரு நாள் ஒற்றை ஆளுக்கான உறைந்த சாப்பாட்டுப் பெட்டிகளாக ஏழு எடுத்துவந்தால், அவள் ஏழையும் பையில் போட்டு, "வெளியே பனிமூட்டம், பார்த்து ஓட்டுங்க" என்று மட்டும் சொல்வாள். ஊரில் பலர் பல விதமாகக் கிண்டிப் பார்த்தார்கள். பால் லாரி ஓட்டும் அவள் புருஷன் எடுவினோவே ஒரு தடவை, பக்கத்து வீட்டுப் பெண் முழுகாமல் இருக்கிறாளாமே என்று கேட்டான்.

"பொறந்தா சத்தம் கேக்கும், தெரிஞ்சுக்கோ" என்றாள் மெனா.

ஐம்பத்தேழாவது வயதில் அவளுடைய வலது முழங்கால் ராஜினாமா செய்தது. எட்டு மணி நேரம் நிற்க முடியவில்லை. அதே சமயத்தில்தான் கடை முதலாளி டெல்ஃபிம் அவிலாவுக்கு வேறொரு தலைவலி வந்து சேர்ந்திருந்தது. வாடிக்கையாளர்களைப் பற்றிச் சேர்த்து வைத்திருக்கிற தகவல் என்னென்ன, யாருக்குக் கொடுக்கிறோம் என்று அவர்கள் கேட்டால் சொல்ல வேண்டும், அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும், விற்காதே என்றால் நிறுத்த வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் சட்டம் போட்டிருந்தது. கேட்பதற்கு ஒரு இலவசத் தொலைபேசி எண் வேண்டும். அந்தத் தொலைபேசியை எடுக்க ஓர் ஆள் வேண்டும்.

டெல்ஃபிமுக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுந்தது. மெனாவைக் கூப்பிட்டு, சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றைக் காட்டினான்.

"மெனா, இனிமே இதுதான் உன் இடம். இன்னையிலேர்ந்து நீ நம்ம ஏழு கடைக்கும் அந்தரங்கத் தகவல் அதிகாரி."

"அப்படின்னா என்ன பண்ணணும்?"

"முப்பது வருஷமா என்ன பண்ணினியோ அதையேதான். யார்கிட்டயும் எதையும் சொல்லாம இருக்கணும்."

"சட்டம் சொல்லணும்னுல்ல சொல்லுது?"

"சொல்லணும். ஆனா சொன்ன மாதிரி இருக்கக் கூடாது. அதுக்குத்தான் வக்கீல் வச்சிருக்கோம்."

மறு வாரமே ஏழு கடைகளின் வாசலிலும் ஆளுயரப் பலகை ஒன்று வந்து நின்றது. அதில் மெனாவின் சிரித்த முகம். கீழே கொட்டை எழுத்தில்: "உங்கள் தகவல், எங்கள் மெனாவிடம் பத்திரம்." படம் எடுக்கக் கூப்பிட்டபோது அவள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கொஞ்சம் உதட்டுச் சாயமும் பூசிக்கொண்டுதான் போனாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பலகையைப் பார்த்த அன்று பெருமையாகத்தான் இருந்தது.

ஃப்ரெஸ்னோவிலிருந்து வந்த வக்கீல் ட்ரெவர் ஹாஸ்கின்ஸ் அவளிடம் பதினான்கு பக்க அறிவிப்பு ஒன்றைக் கொடுத்தார். வாடிக்கையாளர்கள் ஃபிக் கார்டு வாங்கும்போது ஒப்புக்கொள்கிற அறிவிப்பு அது. அந்தக் கார்டைத் தேய்த்தால் தக்காளியில் இருபது சென்ட் குறையும்; தேய்த்தவர் என்ன வாங்கினார், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போகும். அறிவிப்பை அதுவரை முழுதாகப் படித்தவர் ஊரில் கிடையாது. எழுதிய ஹாஸ்கின்ஸே பழைய அறிவிப்பு ஒன்றிலிருந்து பாதியை எடுத்து ஒட்டியவர்தான். மெனா படித்தாள். பதினொரு நாள் ஆயிற்று. பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டு, வீடியோ அழைப்பில் வக்கீலைப் பிடித்தாள்.

"ஆறாம் பக்கத்துல, 'நம்பிக்கைக்குரிய பங்காளர்களோடு பகிரக்கூடும்'னு இருக்கு சார். பகிரக்கூடும்னா? பகிர்றோமா, இல்லையா?"

"பகிரக்கூடும்" என்றார் ஹாஸ்கின்ஸ்.

"நேத்து பகிர்ந்தோமா?"

"நேத்தும் பகிர்ந்திருக்கக்கூடும்."

"அதுக்கு அவங்க நமக்குப் பணம் குடுக்கறாங்களா?"

"ஒரு பிரதிபலன் இருக்கு."

"அந்தப் பிரதிபலன் டாலர்ல வருதா, பன்றிக்கறியா வருதா?"

ஹாஸ்கின்ஸ் தன் கேமராவைக் கொஞ்சம் சரிசெய்தார். "டாலர்ல" என்றார்.

"அப்ப இதுக்குப் பேரு விக்கிறதுதானே?"

"சட்டத்தோட அர்த்தத்துல ஆமா. ஆனா அறிவிப்போட அர்த்தத்துல பகிர்தல். மிஸஸ் பெத்தன்கூர், நீங்க ரொம்ப ஆழமாப் போறீங்க. இத யாரும் படிக்கப் போறதில்ல."

அவர் சொன்னது பொய்யில்லை. முதல் மூன்று மாதத்தில் அந்த இலவச எண்ணுக்கு நான்கு அழைப்புகள் வந்தன. மூன்று, பீட்சா கேட்டு. ஒருத்தர் கார் நிறுத்துமிடத்தில் தன் தொப்பி கிடந்ததா என்று கேட்டார். விற்கிறார்களே என்று மெனாவுக்கு மனதுக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. ஆனால் விற்பது முட்டைக்கோஸ் கணக்குதானே, அதுவும் எங்கோ ஒரு ஊரில் எவனோ ஒரு கம்ப்யூட்டருக்கு என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாற்காலி வேறு சுகமாக இருந்தது.

அப்போதுதான் லூர்தெஸ் கொரேயாவுக்குத் தபாலில் அந்த உறை வந்தது.

லூர்தெஸ் சாதாரண ஆள் இல்லை. பெந்தெகொஸ்தே திருவிழாவில் ஆயிரத்து இருநூறு பேருக்கு சோபாஸ் என்கிற மாட்டிறைச்சிக் குழம்பு வேகவைக்கிற சமையற்குழுவின் தலைவி. அறுபத்தெட்டு வயது. அவள் அடுப்படியில் கரண்டியைத் தூக்கினால் ஆண்கள் அரட்டையை நிறுத்துவார்கள். அவள் மகளுக்கு ஞானத்தாய் மெனாதான். அந்த முறையில் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். பிள்ளைக்கு இரண்டாவது அம்மாவாக வந்தவளை அழைக்கிற உறவுச் சொல் அது.

உறை பருமனாக இருந்தது. உள்ளே, சிறுநீர்க் கசிவு தாங்குகிற உறிஞ்சுபட்டைகள் மாதிரிக்கு இரண்டு. வெளியே, ஊதா நிறத்தில், எட்டடி தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி அச்சிட்டிருந்தார்கள்: "மிஸஸ் லூர்தெஸ், இனி தும்மும்போது பயம் வேண்டாம்!" தபால்காரர் அதைத் தவறுதலாகப் பக்கத்து வீட்டுப் பெட்டியில் போட்டார். பக்கத்து வீட்டுக்காரி நல்ல மனசோடு எடுத்துவந்து, லூர்தெஸ் வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்திருந்த மருமகள் கையில் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும்முன் சமையற்குழுவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. யாரோ ஒருத்தி கோயில் வாசலில் தும்மினாள். மற்றவர்கள் வேண்டுமென்றே சிரிக்காமல் இருந்தார்கள். சிரித்திருந்தால்கூட லூர்தெஸ் தாங்கியிருப்பாள்.

இரண்டு வருடமாக அந்தப் பட்டைகளை அவள் மெனாவின் கல்லாவில்தான் வாங்கிக்கொண்டிருந்தாள், ரொட்டி மாவு மூட்டைக்குப் பின்னால் வைத்து; மெனா நாற்காலிக்குப் போன பிறகு, ஆளில்லாத தானியங்கிக் கல்லாவில். புருஷன் ஆர்லிண்டோவுக்குக்கூடத் தெரியாது. தெரிந்த ஒரே ஆளின் முகம் ஏழு கடை வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிறது. கீழே "உங்கள் தகவல்" என்று வேறு எழுதியிருக்கிறது.

அந்த வாரம் மெனா வழக்கம்போல் இனிப்பு ரொட்டி சுட்டு லூர்தெஸ் வீட்டுக்கு அனுப்பினாள். ரொட்டி வெட்டுப்படாமல் திரும்பி வந்தது. கோயிலில் பூசையின் நடுவே சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் லூர்தெஸ் திரும்பி, பின்வரிசையில் இருந்த முன்பின் தெரியாத ஒரு கார் வியாபாரிக்குக் கைகொடுத்தாள். மெனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் புரிந்தது. லூர்தெஸ் அலுவலகக் கதவைத் தட்டாமல் திறந்தாள். கையில் ஊதா உறை.

"முப்பத்தொரு வருஷம் வாயை மூடிட்டு இருந்தியேடி. என் விஷயத்துக்குன்னு ஏன் தொறந்த?"

"கொமாத்ரே, என்ன சொல்றீங்க?"

"கொமாத்ரேன்னு கூப்பிடாத. உன்னைத் தவிர யாருக்குத் தெரியும் இது? எவ்வளவு குடுத்தாங்க உனக்கு? இந்தச் சக்கர நாற்காலியா?"

மெனா உறையை வாங்கிப் பார்த்தாள். அனுப்பிய நிறுவனத்தின் பெயரை அவள் எங்கும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் விலாசம் அச்சிட்டிருந்த விதம் தெரிந்தது. லூர்தெஸின் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது. இருபது வருடத்துக்கு முன் ஃபிக் கார்டுப் படிவத்தை நிரப்பியபோது மெனாவே அவசரத்தில் தப்பாகத் தட்டிய எழுத்து அது. உலகத்தில் வேறெங்கும் அந்தத் தப்பு கிடையாது.

"நான் சொல்லல" என்றாள். "கடை சொல்லியிருக்கு."

"கடைக்கு வாய் இருக்கா?"

"இருக்கு. பதினாலு பக்கத்துக்கு இருக்கு. உட்காருங்க. நீங்க முறைப்படி கேட்டா, நான் முறைப்படி சொல்லியே ஆகணும். சட்டம் இருக்கு."

லூர்தெஸ் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள். மெனா கம்ப்யூட்டரில் கோரிக்கைப் படிவத்தைத் திறந்தாள். சட்டப்படி முதல் வேலை, கேட்பவர் உண்மையிலேயே அவர்தானா என்று உறுதிசெய்வது. வேறு யாரோ வந்து லூர்தெஸின் ரகசியத்தைக் கறந்துகொண்டு போய்விடக் கூடாதல்லவா? அதற்காகவே ஹாஸ்கின்ஸ் ஒரு மென்பொருளை வாங்கிப் போட்டிருந்தார். அது வாடிக்கையாளரின் பழைய வரவு செலவிலிருந்து தானே கேள்வி தயாரிக்கும்.

திரையில் கேள்வி வந்தது. மெனா படித்துவிட்டுத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்ன கேக்குது?"

"கொமாத்ரே... கடைசி மூணு மாசத்துல நீங்க அதிகமா வாங்கின பொருள் எதுன்னு கேக்குது. நீங்க வாயால சொல்லணும், நான் தட்டணும்."

லூர்தெஸ் முகம் சிவந்தது. அலுவலகக் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே ரொட்டிப் பிரிவுக்காரர்கள் இருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாவுன்னு போடு."

மெனா மாவு என்று தட்டினாள். "பொருந்தவில்லை. இன்னும் இரண்டு வாய்ப்புகள் உள்ளன" என்றது திரை.

"ஊர் பூரா தெரிஞ்சாச்சு, இந்தப் பொட்டிக்கு மட்டும் நான் சொன்னாத்தான் தெரியுமா? ஓட்டுநர் உரிமம் காட்டறேன். என் மூஞ்சி தெரியலையா உனக்கு? உன் ஞானப் பிள்ளையைப் பெத்தவடி நான்!"

"உரிமத்தை வாங்கினா அது இன்னொரு அந்தரங்கத் தகவலைச் சேகரிச்ச மாதிரி ஆயிடுமாம். மூஞ்சி ஆதாரம் இல்லையாம்."

மெனா எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, லூர்தெஸைக் கேட்காமல், அவள் முகத்தைப் பார்க்காமல், தானே ஒரு சொல்லைத் தட்டினாள். விதிமுறைப்படி அது குற்றம். திரை பச்சையாயிற்று. "சரியான விடை! நீங்கள் நீங்களே என்பது உறுதியானது" என்றது.

லூர்தெஸ் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள்.

பதில் கொடுக்க நாற்பத்தைந்து நாள் அவகாசம் உண்டு. நாற்பத்து நான்காம் நாள் மாலை அனுப்புவதுதான் வழக்கம் என்று ஹாஸ்கின்ஸ் சொல்லியிருந்தார். மெனா அன்றே அச்சடித்தாள். நாற்பத்தொரு பக்கம் வந்தது. இருவரும் மேசைக்கு ஒரே பக்கம் உட்கார்ந்து படித்தார்கள்.

முதலில் வாங்கிய சாமான்கள். அதன்பின், அந்தச் சாமான்களை வைத்து லூர்தெஸ் எப்படிப்பட்ட ஆள் என்று கம்ப்யூட்டர் செய்த அனுமானங்கள். பதினெட்டாம் பக்கத்தில் மெனா நிறுத்தினாள்.

"படி" என்றாள் லூர்தெஸ்.

"'இவர் கருவுற்றிருக்க அறுபத்திரண்டு சதவீதம் வாய்ப்பு உள்ளது.'"

"யாரு?"

"நீங்கதான் கொமாத்ரே. பேரனுக்கு டயப்பர் வாங்கினீங்க. விழாவுக்கு நாலு கேலன் ஊறுகாய் வாங்கினீங்க. ரெண்டையும் கூட்டிப் பார்த்திருக்கு."

லூர்தெஸ் தாளை வாங்கித் தானே படித்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. மெனா பயந்துபோய்த் திரும்பினால், கிழவி சிரித்துக்கொண்டிருந்தாள். "ஆர்லிண்டோ கிட்ட யாராவது சொல்லுங்கடி, மனுஷன் சந்தோஷப்படுவான்" என்றாள். மெனாவும் அடக்க முடியாமல் சிரித்தாள்.

"ஐயோ, போதும், என்னை ரொம்பச் சிரிக்க வைக்காத. இங்க வேற பட்டை கைவசம் இல்ல" என்று லூர்தெஸ் எழுந்து வேகமாகக் கழிப்பறைக்குப் போனாள். அந்த வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கடைசிப் பக்கத்தில் அவளுடைய தகவல் எந்தெந்த மாதிரி நிறுவனங்களுக்கு விற்கப்பட்டது என்ற பட்டியல் இருந்தது: காப்பீடு, காதுக்கருவி, 'முதியோர் வசதிப் பொருட்கள்', சவ அடக்கத் திட்டம், தொட்டில் கம்பெனி. மெனா அந்தப் பட்டியலை ஒரு தாளில் தன் கையெழுத்தில் எழுதினாள். "லூர்தெஸ் கொரேயா, நீங்கள் வாங்கியதை நாங்கள் இவர்களுக்கு விற்றோம். உங்களிடம் கேட்டோம் என்று சொல்கிறோம். ஆறாம் பக்கத்தில் கேட்டோம். இனி விற்க வேண்டாம் என்றால் இங்கே கையெழுத்துப் போடுங்கள்." அவ்வளவுதான். லூர்தெஸ் கையெழுத்துப் போட்டாள். தாளின் நகலை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

அந்த நகல் புதன்கிழமை திருவிழா மண்டபத்துக்குப் போயிற்று. சமையற்குழுக் கூட்டத்தில் லூர்தெஸ் எழுந்து நின்று, தன் வியாதியைத் தானே சொன்னாள். தும்மியவளை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு இருக்கிறது இவ்வளவுதான். உங்களுக்கு என்னென்ன இருக்குன்னு அந்தப் பொட்டி எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கோ, எனக்குத் தெரியாது. கேட்டா மெனா சொல்லுவா."

அடுத்த பத்து நாளில் அறுநூற்றுப் பன்னிரண்டு கோரிக்கைகள் வந்தன. இலவச எண் ஓயவில்லை. பீட்சா கேட்டவர்களுக்கு இணைப்பே கிடைக்கவில்லை. நோன்புப் பாட்டில் பால்பண்ணைக்காரர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு நேரில் வந்து, "எல்லாத்தையும் அழிச்சுடு மெனா, முட்டைக்கோசையும் சேர்த்து" என்றார். அழித்தாள். அழித்ததற்கு அத்தாட்சியாக அவர் பெயர், விலாசம், அழிக்கச் சொன்ன தேதி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் பதிந்து வைக்க வேண்டியிருந்தது. அதை அவரிடம் சொன்னாள். அவர் குரலைத் தாழ்த்தி, "அந்தக் கோப்பையும் அழிச்சா?" என்றார். "அதுக்கு இன்னொரு கோப்பு போடணும்" என்றாள் மெனா.

டெல்ஃபிம் வக்கீலையும் இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தான். மெனாவின் ஒற்றைத் தாளைத் தூக்கிக் காட்டினான்.

"இது என்ன? யாரு இப்படி எழுதச் சொன்னது?"

"சட்டம் சொல்லுது. புரியற மாதிரி எழுதணுமாம். நீங்க குடுத்த பதினாலு பக்கத்துலயே பன்னிரண்டாம் பக்கத்துல அப்படித்தான் இருக்கு."

டெல்ஃபிம் ஹாஸ்கின்ஸைத் திரும்பிப் பார்த்தான். "இதுல தப்பு கண்டுபிடிங்க."

ஹாஸ்கின்ஸ் தாளை இரண்டு தடவை படித்தார். "தப்பு இல்ல. அதுதான் சிக்கல். சட்டத்துல என்னென்ன சொல்லணும்னு இருக்கோ எல்லாம் இருக்கு. ஆனா படிக்கறவனுக்குப் புரியுது."

இன்னொன்றும் இருந்தது. கார்டுக்காகத் தள்ளுபடி கொடுக்கிற கடை, அந்த வாடிக்கையாளரின் தகவல் தனக்கு எவ்வளவு பெறும் என்று ஒரு மதிப்பும் வெளியே சொல்ல வேண்டும். அது பதிமூன்றாம் பக்கத்தில் பொடியெழுத்தில் இருந்தது. மெனா அதைப் பெரிதாக எழுதி, தன் சிரித்த படத்தின் மேலேயே ஒட்டிவிட்டாள்: "ஒரு ஆளுக்கு, ஒரு வருடத்துக்கு, நாலு டாலர் பன்னிரண்டு சென்ட்."

ரகசியம் போனதற்குக் கோபப்படாதவர்கள்கூட இதற்குக் கோபப்பட்டார்கள்.

"நாலு டாலரா? ஒரு வருஷம் நான் தின்னது, குடிச்சது, புருஷனோட சண்டை போட்டுட்டு வாங்கின ஐஸ்கிரீம், எல்லாம் சேர்த்து நாலு டாலரா?" என்று ஒருத்தி பலகை முன்னால் நின்று சத்தம் போட்டாள். தனக்கு மட்டுமாவது கூட இருக்கும், தான் நிறைய வாங்குகிறவன் என்று ஒரு வாதுமைத் தோட்டக்காரர் தனியாக வந்து விசாரித்தார். எல்லாருக்கும் ஒரே சராசரி என்று மெனா சொன்னதும், அப்படியென்றால் பக்கத்துத் தோட்டக்காரனுக்கும் அதே விலையா என்று மனம் உடைந்து போனார்.

ஒரு மாதத்தில் டெல்ஃபிம் பணிந்தான். மனசாட்சி உறுத்தியதால் அல்ல. அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பதில் சொல்ல ஹாஸ்கின்ஸ் கேட்ட கூலி, தகவல் விற்று வந்ததை விட அதிகமாக இருந்தது. விற்பனையை நிறுத்திவிட்டு, நிறுத்தியதற்குப் பெரிய விளம்பரமும் செய்தான். "உங்கள் அந்தரங்கம் எங்கள் பாரம்பரியம்" என்று புதுப் பலகை வந்தது. சமையற்குழு மெனாவுக்கு ஒரு விருந்து வைத்தது. லூர்தெஸ் தன் கையால் சோபாஸ் பரிமாறினாள். தும்மியவள் இறைச்சியைப் பெரிய துண்டாகப் பார்த்து மெனாவின் தட்டில் வைத்தாள். முப்பத்தொரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்து கிடைத்த மரியாதையை விட, ஒரு தாளில் வாயைத் திறந்து கிடைத்த மரியாதை பெரிதாக இருந்தது. மெனாவுக்கு இது கொஞ்சம் புதிராகவும் இருந்தது, நிறையச் சந்தோஷமாகவும் இருந்தது.

இந்தக் கதை இங்கே நின்றிருந்தால் துலாரே ஊருக்கு நல்ல பேர். ஆனால் நவம்பர் வந்தது.

நன்றி நாள் விருந்துக்கு வான்கோழி வாங்குகிற காலம். டெல்ஃபிம் அலுவலகத்துக்குள் சிரித்துக்கொண்டே வந்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வேறொரு நிறுவனம் நல்ல விலைக்குக் கேட்கிறதாம். இந்தத் தடவை ஒளிவு மறைவே இல்லை. மெனா எழுதுகிற மாதிரியே எழுதி, முகத்துக்கு நேராகக் கேட்டு, சம்மதம் வாங்கிக்கொள்ளலாம். சம்மதிக்கிறவர்களுக்குப் பன்னிரண்டு பவுண்டு வான்கோழி ஒன்று இலவசம்.

"ஒருத்தரும் போடமாட்டாங்க டெல்ஃபிம்" என்றாள் மெனா. "இவ்வளவு நடந்த பிறகா?"

"அப்ப உனக்கென்ன கஷ்டம்? நீயே எழுது. நீயே வாசிச்சுக் காட்டு. நான் ஒரு எழுத்து மாத்தமாட்டேன்."

மெனா வஞ்சகம் இல்லாமல் எழுதினாள். 'ஆம்' கட்டமும் 'இல்லை' கட்டமும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்த்தாள். சனிக்கிழமை காலை கடை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வரிசை கார் நிறுத்துமிடத்தைத் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது. முன்னால் நின்றது சமையற்குழு. எல்லாருக்கும் முன்னால் லூர்தெஸ், பக்கத்தில் ஆர்லிண்டோ.

மெனா வாசிக்க ஆரம்பித்தாள். "நீங்கள் வாங்கும் எல்லாவற்றையும் நாங்கள் குறித்து வைப்போம். உங்கள் பெயரோடு விற்போம். வாங்கியவர் யாருக்கு விற்பார் என்று எங்களுக்கே தெரியாது..."

"தெரியும், தெரியும். எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள் லூர்தெஸ்.

"கொமாத்ரே! அந்த ஊதா உறை?"

"அதான் வந்தாச்சே. ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இனிமே அவன் விக்கறதுக்கு எங்கிட்ட என்ன மிச்சம் இருக்கு? என் வியாதியை நானே மண்டபத்துல சும்மா குடுத்தேன். இவன் வான்கோழியாவது குடுக்கறான்." ஆம் கட்டத்தில் அழுத்தமாகக் குறியிட்டாள். "இப்ப நீ என்னைக் கேட்ட. நான் சரின்னேன். அன்னைக்கு யாரும் கேக்கல. அதுதான் வித்தியாசம். மூஞ்சியைத் தூக்காத."

மெனா தாளை வாங்கி அடுக்கில் வைத்தாள். அவள் சண்டை போட்டதே இதற்குத்தான்: கேளுங்கள், புரிகிற மாதிரி கேளுங்கள் என்று. கேட்டாயிற்று. புரிந்துமாயிற்று. புரிந்துகொண்டே வரிசையில் நிற்கிறார்கள். அவள் அடுத்தவருக்கு வாசித்தாள். அதற்கு அடுத்தவருக்கும். பாதியிலேயே எல்லாரும் பேனாவுக்குக் கை நீட்டினார்கள். பின்னாலிருந்து யாரோ, "கதாகாலட்சேபத்தை நிறுத்திட்டுக் கோழியைக் குடுங்கம்மா" என்று கத்தினார். ஆனாலும் அவள் ஒருவருக்குக்கூட ஒரு வரி குறைக்கவில்லை. மதியத்துக்குள் தொண்டை கட்டிக்கொண்டது.

அன்று சம்மதித்தவர்கள் ஐந்நூற்று எண்பது பேர். இல்லை என்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் காது கேளாதவர். வான்கோழி வேண்டுமா என்று கேட்கிறார்கள் என நினைத்துக்கொண்டு, ஏற்கெனவே வாங்கிவிட்டேன் என்றார். இன்னொருவர் ஆர்லிண்டோ கொரேயா.

"உங்களுக்கு மறைக்க என்ன இருக்கு?" என்று பொண்டாட்டி எல்லார் முன்னாலும் கேட்டாள். "காலையில காப்பி, ராத்திரி காப்பி. அதைக் கேட்டு எவன் என்ன பண்ணப் போறான்?"

"ஒண்ணும் இல்லதான்" என்றார் ஆர்லிண்டோ. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "ஆனா மெனா 'இல்லை'ன்னு ஒரு கட்டம் போட்டிருக்கா. ஸ்கேல் வச்சு வேற கோடு கிழிச்சிருக்கா. யாருமே அதுல எழுதலைன்னா நல்லா இருக்காது." குறி போட்டுவிட்டு, உள்ளே போய்ப் பணம் கொடுத்து ஒரு வான்கோழி வாங்கிவந்தார்.

நன்றி நாளன்று மெனாவும் எடுவினோவும் கொரேயா வீட்டில்தான் சாப்பிட்டார்கள். மேசையில் இரண்டு வான்கோழிகள் இருந்தன. டெல்ஃபிமைப் பற்றியும் ஹாஸ்கின்ஸைப் பற்றியும் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்துப் பேசினார்கள். மெனாவுக்குக் குரல் இன்னும் சரியாகவில்லை. சைகையிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த ஜனவரியோடு வேலையை விட்டுவிடுவதென்று அவள் தீர்மானித்திருந்தாள். அவள் இடத்துக்கு ஆள் எடுக்கப் போவதில்லை, தொட்டால் சம்மதம் கேட்கிற ஒரு திரையை வைக்கப் போகிறோம், அது இருபத்துநாலு மணி நேரமும் சலிக்காமல் கேட்கும் என்று டெல்ஃபிம் சொல்லியிருந்தான்.

ஆர்லிண்டோ தான் வாங்கிய வான்கோழியிலிருந்து ஒரு துண்டு வெட்டி மெனாவின் தட்டில் வைத்து, எப்படி இருக்கிறது என்று புருவத்தால் கேட்டார். மெனா மென்று பார்த்தாள். கொஞ்சம் வறண்டிருந்தது. நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினாள்.

"பொய் சொல்றா" என்றாள் லூர்தெஸ், மற்றதன் தொடையை வெட்டிக்கொண்டே. "இலவசக் கோழிதான் பதமா வெந்திருக்கு. தட்டை நீட்டு கொமாத்ரே."

மெனா தட்டை நீட்டினாள்.